ஆறு மூட்டை யூரியா

முதலாளியம்மா பையைக் கவிழ்த்தார். மேசைமேல் பத்துப் பன்னிரண்டு வெள்ளரிக்காய்கள் உருண்டன. எல்லாம் வெளிறியவை, நுனி கூம்பி, பாதியில் வளர மறந்தவை.

“இதை யாரு சார் வாங்குவா?”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பயிர் ஏன் கெட்டது என்று கண்டுபிடித்துச் சொல்வது இப்போது தொழில். எதற்கும் பதறாததால் விவசாயிகள் அவருக்கு வைத்த பெயர் நிதானம்.

வேன் ஓட்டுவது, படம் எடுப்பது, அவர் கேட்காத கேள்விகளைக் கேட்பது எல்லாம் அவருடைய மைத்துனர். மனைவியின் தம்பி, வயது நாற்பது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு சதிகாரனாவது அகப்பட வேண்டும் என்பது அவர் ஆசை. இதுவரை அகப்பட்டவை பூச்சிகள்தான்.

“யாரோ வேணும்னே செஞ்ச வேலையாம்மா?” என்றார் மைத்துனர், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.

“அதைத்தான் என் தம்பி சொல்றான். எனக்கு மூணு பசுமைக்குடில். ஒண்ணும் மூணும் நல்லா இருக்கு. ரெண்டாவது மட்டும் இப்படி. மூணுக்கும் உரம் விடறவர் ஒருத்தர்தான். பத்து வருஷமா இருக்கார். நேத்து ஸ்டோர்ல தார்ப்பாய்க்கு அடியில ஆறு மூட்டை யூரியா இருக்கறதை என் தம்பி பார்த்திருக்கான். செடிக்குப் போடாம ஒளிச்சு வச்சு விக்கப் பார்த்திருக்கார்ங்கறான். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். வேலையோட சேர்த்துக் கொடுத்த வீடு.”

“சொல்லியாச்சு. அப்புறம் ஏன் இங்க வந்தீங்க?” என்றார் நிதானம்.

முதலாளியம்மா காய்களை மறுபடி பைக்குள் போட ஆரம்பித்தார். “மூணு மாசம் முன்னாடி அவர் சம்சாரம் தவறிப்போச்சு. அதே ரெண்டாவது குடில்லதான் காய் பறிக்கும். எட்டு வயசுல ஒரு பொண்ணு. தப்பா அனுப்பிட்டேன்னா என் மனசு என்னைச் சும்மா விடாது சார்.”

நிதானம் சட்டையை மாட்டிக்கொண்டார். “மணி பதினொண்ணு. அஞ்சு வரைக்கும் நேரம் போதும்.”

தோட்டத்தில் முதல் குடிலைத் தாண்டித்தான் இரண்டாவதற்குப் போக வேண்டும். கதவைத் திறந்ததும் ஈரச் சூடு முகத்தில் அப்பியது. கயிற்றில் ஏறிய கொடிகள் கரும்பச்சையாக நின்றன. கதவோரக் கம்பத்தில் ஓர் ஆணி. அதில் மஞ்சள் ஓரம் தைத்த நீலத் துணிப் பை தொங்கியது. நிதானம் அதிலிருந்து அடிக்கோல் நீளத்துக்கு ஓர் அட்டையை எடுத்தார். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை ஐந்து பட்டைகள், ஒன்று முதல் ஐந்து வரை எண்கள்.

“இலை வண்ண அட்டை” என்றார் முதலாளியம்மா. “செவ்வாயும் வெள்ளியும் பத்துச் செடி பார்க்கணும். இலை நாலாம் பட்டையைவிட வெளுப்பா இருந்தா யூரியா. இல்லேன்னா கிடையாது. ரெண்டு வருஷம் முன்னாடி கண்ணால பார்த்து அள்ளி விட்டோம். செடி காடு மாதிரி இலை விட்டுது, காய் இல்லை. கிணத்துத் தண்ணியும் கெட்டுப்போச்சு. அன்னையிலேர்ந்து கண்ணை நம்பாதே, அட்டையை நம்புன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன்.”

இரண்டாவது குடிலில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீழ் இலைகள் மஞ்சள். மேல் இலைகள் வெளிர் பச்சை. கொடிகள் ஒல்லி.

“தழைச்சத்து பத்தலை” என்றார் நிதானம். “செடி பட்டினி கிடந்தா கீழ் இலையில இருக்கறதை உருவி மேல் இலைக்குக் கொடுக்கும். வீட்டுல பெரியவங்க சாப்பிடாம குழந்தைக்கு ஊட்டற மாதிரி.”

மைத்துனர் அதற்குள் வால்வுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். “மாமா! இங்க வாங்க. சேத்துல ஷூ தடம். வால்வுல புது டேப்பு. யாரோ இந்தக் குடிலுக்கு மட்டும் தண்ணியைக் குறைச்சிருக்காங்க.”

“அது என் ஷூ” என்றது வாசலில் ஒரு குரல். முதலாளியம்மாவின் தம்பி, தோட்டத்தின் மேற்பார்வையாளர். இஸ்திரி குலையாத சட்டை, சேறு அப்பிய ஷூ. “ஒழுகிச்சு, டேப் சுத்தினேன். அது குத்தமா?”

நிதானம் சொட்டுநீர்க் குழாயின் கடைசித் துளைக்கு அடியில் ஒரு தம்ளரை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு முதல் குடிலுக்குப் போய் அதே போல் ஒரு தம்ளர் பிடித்து வந்தார். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டம்.

“தண்ணி சரியா வருது. மாப்ளே, அந்த அட்டையை ஒரு படம் எடு.”

இங்கேயும் கதவோரக் கம்பம், ஆணி. அட்டை ஒரு கிளிப்பில் மாட்டித் தொங்கியது. கிளிப்பின் அகன்ற வாய் ஐந்து பட்டைகளின் மேல் விளிம்பையும் கவ்வியிருந்தது. வெயில் கூரை வழியே நேராக அதன்மேல் விழுந்தது. மைத்துனர் நாலு படம் எடுத்தார், எதற்கு என்று தெரியாமலே.

ஸ்டோரில் ஆறு மூட்டையும் கட்டைமேல் அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி இருந்தன. பக்கத்தில் ஆணியில் நோட்டு. நிதானம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மைத்துனர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். ஒன்றாம் குடில்: போட்டது. மூன்றாம் குடில்: போட்டது. இரண்டாம் குடில்: தேவையில்லை. தேவையில்லை. தேவையில்லை. ஒவ்வொரு வாரமும் அடியில் ஒரு கையெழுத்து.

“போடலைன்னு அவரே எழுதி வச்சிருக்காரே!” என்றார் மைத்துனர். “தைரியமான திருடன் மாமா.”

“அப்படியும் இருக்கலாம். வா, தைரியசாலியைப் பார்த்துட்டு வரலாம்.”

உரக்காரர் வீட்டு வாசலில் வீட்டுச் சாமான் இரண்டு மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒன்றின்மேல் அந்த எட்டு வயதுப் பெண் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே சுவர்கள் வெறுமையாக இருந்தன. ஓர் ஆணியில் மட்டும் மஞ்சள் ஓரம் வைத்த நீலத் துணிப் பை ஒன்று. மைத்துனர், இதை மறந்துவிட்டார்கள்போல, என்று கையை நீட்டினார்.

“அதைத் தொடாதீங்க மாமா” என்றாள் பெண். “ஊசி இருக்கு. அப்பா எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்.”

பிரிந்துபோன ஓரம் பாதிதான் மறுபடி தைக்கப்பட்டிருந்தது. தையல் நின்ற இடத்தில் ஊசி குத்தியிருந்தது, நூலோடு.

உரக்காரர் பாத்திரக் கூடையோடு பின்கட்டிலிருந்து வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சவரம் செய்து நாளாகியிருந்தது.

“ஸ்டோர்ல மூட்டையை ஏன் மூடி வச்சீங்க?” என்றார் நிதானம்.

“யூரியா ஈரத்தை இழுக்கும் சார். கட்டியாயிடும்.”

“ரெண்டாவது குடில் செடி வெளுத்திருக்கே. உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

உரக்காரர் கூடையைக் கீழே வைத்தார்.

“தெரிஞ்சுது. ஆனா அட்டை சரியா இருக்குன்னு சொல்லிச்சு. என் கண்ணுலதான் கோளாறுன்னு நினைச்சேன். அவ போனதிலேர்ந்து எனக்கு எல்லாமே வெளுத்துத்தான் சார் தெரியுது.”

மைத்துனருக்குக் கேட்க நாலு கேள்வி இருந்தது. அவர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

நாலரை மணிக்கு இரண்டாவது குடிலில் எல்லோரும் நின்றார்கள். நிதானம் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

“முதல்ல திருட்டு. திருடறவன் நோட்டுல ‘போட்டது’ன்னு எழுதிட்டு மூட்டையை வெளியே தள்ளுவான். இவர் ‘தேவையில்லை’ன்னு எழுதி மூட்டையை அடுக்கி வச்சிருக்கார். அந்த நோட்டுல வாரா வாரம் ஒருத்தர் கையெழுத்தும் இருக்கு.”

முதலாளியம்மா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி தன் ஷூவைப் பார்த்தார்.

“படிச்சியா, இல்ல சும்மா கிறுக்கினியா?”

“அக்கா, பத்து வருஷமா எழுதறவர். தப்பா இருக்காதுன்னு…”

“அவர் மேல அவ்வளவு நம்பிக்கையா? அந்த நம்பிக்கை நேத்து எங்கடா போச்சு?”

“இருங்கம்மா” என்றார் நிதானம். “இனிமே அட்டை. மாப்ளே, கொண்டுவந்தியா?”

மைத்துனர் ஒன்றாம், மூன்றாம் குடில் அட்டைகளைப் பைகளிலிருந்து உருவிப் பெட்டிமேல் வைத்தார். நடுவில் இரண்டாம் குடில் அட்டை. பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை யாருக்கும் தோன்றாத விஷயம் அது. மற்ற இரண்டு அட்டைகளில் நாலாம் பட்டை நல்ல பச்சை. நடு அட்டையில் அதே நாலாம் பட்டை, மற்றவற்றின் மூன்றாம் பட்டையைவிட வெளுத்திருந்தது.

“இப்போ இதைப் பாருங்க.” நிதானம் கிளிப்பை அழுத்தி உருவினார். கிளிப் கவ்வியிருந்த விளிம்பில் மட்டும் ஐந்து நிறமும் பளிச்சென்று இருந்தன, நேற்று அச்சடித்ததுபோல.

“கிளிப் மறைச்ச இடத்துல நிறம் போகலை. மத்த இடத்தை வெயில் தின்னுடுச்சு. அட்டை வெளுக்க வெளுக்க, வெளுத்த இலையும் அதோட ஒத்துப்போச்சு. இவர் விதிப்படி பார்த்தார், விதிப்படி உரத்தை நிறுத்தினார். நீங்க சொன்னதை அச்சுப் பிசகாம செஞ்சவர் இவர் ஒருத்தர்தான்.”

“மத்த ரெண்டும் ஏன் வெளுக்கலை?” என்றார் தம்பி. அந்தக் கேள்வியில் இப்போது முரண்டு இல்லை.

“பை இருக்கு. மூணும் ஒரே கை தைச்சது. ரெண்டாவது பை கிழிஞ்சுது. தைக்கறதுக்கு வீட்டுக்குப் போச்சு. திரும்பி வரலை.”

அதன் காரணத்தை உரக்காரரே சொன்னார், யாரையும் பார்க்காமல்.

“அன்னைக்கு அவ அதைத் தைச்சுக்கிட்டு இருந்தப்பதான் நெஞ்சு வலிக்குதுன்னா. பாதியில எழுந்தா. அவ குத்தி வச்ச ஊசி. எடுக்க மனசு வரலைம்மா. அட்டையைக் கிளிப்புல மாட்டிட்டேன். வெயிலைப் பத்தி யோசிக்கலை. தப்புதான்.”

முதலாளியம்மா வெளுத்த அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டிமேல் வைத்தார். “கண்ணை நம்பாதேன்னு சொன்னது நான்” என்றார். “செடி பிழைக்குமா சார்?”

“இளம் கொடி பிழைக்கும். ஒரேயடியா கொட்டாதீங்க, பட்டினி கிடந்த வயிறு. கொஞ்சம் கொஞ்சமா, தண்ணியோட. பத்து நாள்ல மேல் இலை சொல்லும்.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றார் முதலாளியம்மா உரக்காரரிடம். “நாளைக்குக் காலையிலேயே ஆரம்பிச்சிடுங்க. டேய், நீ என்ன நிக்கிற? போய் அவங்க சாமான் மூட்டை ரெண்டையும் வீட்டுக்குள்ள தூக்கி வை. பாப்பா வாசல்ல உட்கார்ந்திருக்கு.”

தம்பி மறுபேச்சு இல்லாமல் கிளம்பினார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, “அண்ணே” என்றார் உரக்காரரைப் பார்த்து. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

“புது அட்டை நான் அனுப்பறேன்” என்றார் நிதானம். “பை மட்டும் ஏற்பாடு பண்ணிக்குங்க.”

“டெய்லர்கிட்ட சொல்லிடறேன்” என்றார் முதலாளியம்மா. “அந்தப் பை உங்க வீட்டுலயே இருக்கட்டும்.”

உரக்காரர் வெளுத்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“வேண்டாம்மா” என்றார். “ஊசியில நூல் இருக்கு. மிச்சத்தை நான் தைச்சிடறேன்.”