பெட்டிக்குள்ளிருந்து வந்த சொல்

சனிக்கிழமை காலை. சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நான்கு வகுப்புத் தோழர்கள் படம் எடுக்கக் கூடியிருந்தார்கள். கேமரா, யாமினியின் அம்மாவுடைய கைப்பேசி. கதையும் யாமினியுடையதுதான். தமிழாசிரியர் ஐந்து நிமிடப் படம் ஒன்று கேட்டிருந்தார்.

கதை இதுதான்: வருங்காலத்தில் ஒரு நகரம். பத்து வயதானதும் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் இயந்திரத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். அது ஒரே ஒரு சொல்லைச் சொல்லும். 'வீரன்', 'சோம்பேறி' என்று ஏதாவது. அந்தச் சொல்லைச் சட்டையில் தைத்துவிடுவார்கள். சாகும்வரை அதுதான். மாறன் என்ற சிறுவன் மட்டும் வேண்டாம் என்கிறான்.

சிராங்கூன் சாலைக் கடையில் கேட்டு வாங்கிய பெரிய அட்டைப்பெட்டிதான் இயந்திரம்.

"நிதீஷ், நீதான் மாறன். நீதான் தைரியசாலி," என்றாள் யாமினி. "அபிகேல், நீ கூட்டத்துல நில்லு. உனக்குத்தான் பேச்சே வராதே."

அபிகேல் தலையை ஆட்டினாள்.

"நான் மாறனா நடிக்கட்டுமா?" என்று கேட்டான் ரிஸ்வான்.

மூவரும் சிரித்துவிட்டார்கள். வகுப்பில் எல்லாரையும் சிரிக்க வைப்பவன் அவன்.

"நீயா? நீ வந்து நின்னாலே சிரிப்பு வரும் லா! பெட்டிக்குள்ள உட்கார்ந்து வேடிக்கையா குரல் குடு," என்றாள் யாமினி.

ரிஸ்வானும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. பெட்டிக்குள் நுழைந்துகொண்டான்.

யாமினி பெட்டியின் முன்னால் போய் நின்றாள். "ஒத்திகை பார்க்கலாம். எனக்கு ஒரு சொல் சொல்லு."



"யாமினி," என்றது பெட்டி. "உனக்கான சொல், இயந்திரம்."

நிதீஷ் விழுந்து விழுந்து சிரித்தான். யாமினி சிரிக்கவில்லை. அந்தக் குரலில் வேடிக்கையே இல்லை.

"கோபமா, ரிஸ்வான்?"

"நீதானே எல்லாருக்கும் சொல் குடுத்த? போன மாசம் எனக்குக் காய்ச்சல்னு சொன்னேன். யாருமே நம்பலை. ஜோக்குன்னு நினைச்சாங்க."

யாமினி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். நான்கு பெயர்கள், எதிரே நான்கு வேலைகள். எழுதும்போது ஒருவரிடமும் அவள் கேட்கவில்லை. அவள் முகம் சூடானது.

"சாரி, ரிஸ்வான். வெளிய வா." அவள் தாளைக் கிழித்தாள். "யாருக்கு என்ன வேணும்? நீங்களே சொல்லுங்க."

"எனக்கு மாறன் வேண்டாம்," என்றான் நிதீஷ் உடனே. "அவ்வளவு வசனம் மனப்பாடம் ஆகாது. நான் கேமரா பிடிக்கிறேன்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"தைரியசாலின்னு சொன்னியா... அதான் சொல்ல பயமா இருந்துச்சு."

கேமராவை விட்டுக்கொடுக்க யாமினிக்கு மனமே இல்லை. இருந்தாலும் கைப்பேசியை நீட்டினாள்.

அபிகேல் மெதுவாக, "நான் பெட்டிக்குள்ள போகட்டுமா?" என்றாள். "யாரும் பார்க்கலைன்னா எனக்குப் பேச்சு வரும்."

உள்ளே போனாள். "அடுத்த பிள்ளை வரலாம்!" என்று ஒரு குரல் இடிபோல் முழங்கியது. தூணருகே நின்ற இரண்டு புறாக்கள் பறந்தே போய்விட்டன.

யாமினி கூட்டமாக நின்றாள். கூட்டம் என்றால் அவள் ஒருத்திதான்.

ரிஸ்வான் பெட்டியின் முன்னால் வந்து நின்றான்.

"உனக்கான சொல், கோமாளி!" என்றது இயந்திரம்.

"இந்தச் சொல் எனக்கு வேண்டாம்," என்றான் அவன். "நான் யார் என்று இன்னும் எனக்கே தெரியாது. தெரிந்ததும் நானே சொல்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சூப்பர் லா!" என்று கத்திய நிதீஷ், கைப்பேசியைப் பார்த்தான். முகம் மாறியது. "ஐயோ! பட்டனை அமுக்க மறந்துட்டேன்."

எல்லாரும் ரிஸ்வானைப் பார்த்தார்கள்.

"அப்போ, மறுபடியும் நான் மாறனா நடிக்கணுமா?" என்று கேட்டான் அவன். முகம் முழுக்கச் சிரிப்பு.