பதில் மட்டும் வந்தது

மருமகள் கேட்டு முடிப்பதற்குள் பக்கத்து அறையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"மாமா, நல்லா..."

"நல்லா இருக்கேன்மா."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். ஜன்னல் கம்பிகளில் நீர் சொட்டும் ஓசை, மூடிய கதவுக்கு அடியில் கசியும் தைலத்தின் வாடை, அதற்கும் அடியில் பாத்திரத்தில் மறந்துபோன தண்ணீர்போல வேறேதோ ஒரு புளித்த நாற்றம். அப்பாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கணவன் வேலையாக வெளியூர் போயிருந்தான். மதியத்திலிருந்து அவள் இருந்த இடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

ஹெட்ஃபோனில் டீம் லீடர் சிரித்தார். "சர்வர்ல எல்லாம் பச்சையாத்தான் காட்டுது. ஆர்டர்தான் ஒண்ணுகூடப் போகல. நம்ம மேனேஜர் மாதிரி, சீட்ல ஆள் இருக்கு, வேலை நடக்கல. எந்த புரோகிராமுக்கு உடம்பு சரியில்லன்னு கண்டுபிடிங்க."

அவளுக்குக் காதுமடல் சுட்டது. நிரல்கள் தனித்தனியாக ஓடும் பெட்டிகளான கன்டெய்னர்கள் ஒவ்வொன்றையும் கம்பெனியின் கண்காணிப்பு மென்பொருள் ஓயாமல் "நலமா?" என்று கேட்கும், பதில் வராததைக் கொன்று புதிதாக எழுப்பும். அவள் எழுதிய நிரல் மட்டும் விழுந்து விழுந்து எழுந்து, எல்லார் முன்னாலும் அவள் மானத்தை வாங்கியது. பொறுக்கமுடியாமல், உள்ளே எது செத்தாலும் "நலம்" என்றே சொல்லும்படி ஒரு வரியை அதன் வாயில் திணித்திருந்தாள்.

நலமில்லாதவற்றை மட்டும் காட்டும்படி கட்டளை அடித்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"லைன்ல இருக்கீங்களா?"

"பாத்துட்டிருக்கேன் சார்."

வேறு வழியில்லை. தன் கன்டெய்னருக்குள் நுழைந்து, அங்கே என்ன ஓடுகிறது என்று பார்த்தாள். அவள் எழுதிய நிரல் இல்லை. எப்போதோ செத்திருந்தது. அந்த ஒற்றை வரி மட்டும் வெற்றிடத்தில் உட்கார்ந்து, கேட்கும்போதெல்லாம் நலம், நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கேன்மா," என்றது பக்கத்து அறை.

இந்தத் தடவை அவள் கேட்கவே இல்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அதே குரல். அதே இழுப்பு. நடுவில் இருமல் இல்லை. மூச்சும் இல்லை.

கதவைத் தள்ளினாள். இருட்டு. நாற்றம் முகத்தில் அறைந்தது. கட்டிலில் மாமனார். காலையில் எடுத்து வைத்த மதிய மாத்திரை வைத்த இடத்தில் அப்படியே. கையைத் தொட்டாள். சில்லிட்டு, கட்டையாக.

"நல்லா இருக்கேன்மா."

உதடு அசையவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. கணவன்.

"அப்பா எப்படி இருக்கார்?"

சொல்லிவிட வேண்டும். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்கார்ங்க."

அவள் சொல்ல வந்தது அதுவல்ல.

"ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நல்லா இருக்கார்ங்க."

"அழறியா?"

கன்னத்தில் நீர் வழிந்தது. பல்லைக் கடித்தாள். உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்தினாள். விரல்களுக்கு அடியில் உதடு அசையவே இல்லை. சிரித்த முகமாய் இருப்பவளின் குரலில், தெளிவாக, அவளே பதில் சொல்வது கேட்டது.

"நல்லா இருக்கார்ங்க."