எட்டாவது தட்டு

காற்றே இல்லை. ஆனாலும் நெட்டைக் குழாய் மூன்று முறை ஒலித்தது.

இறங்கப் போன செங்கோடன் ஏணியிலேயே நின்றுவிட்டான். கோயமுத்தூருக்குக் கிழக்கே இருந்த அந்த நூல் மில்லில் அவன் பிட்டர். மில் சுவரை ஒட்டிப் புதிதாகப் போட்ட விளையாட்டு மைதானத்தில், பிள்ளைகள் குச்சியால் தட்டி வாசிப்பதற்காக எட்டு இரும்புக் குழாய்களை ஒரு சட்டத்தில் அப்போதுதான் தொங்கவிட்டிருந்தான். வெயிலில் காய்ந்த எண்ணெய் வாடையும், கொட்டிய மணலின் ஈர வாசமும், சுவருக்கு அந்தப் பக்கம் ஓயாமல் ஓடும் மிஷின்களின் இரைச்சலும் எப்போதும் போலத்தான் இருந்தன. அந்த ஒரு குழாய் மட்டும், தொட ஆளில்லாமல், அதிர்ந்துகொண்டிருந்தது.

அந்தத் தட்டுக்கு அர்த்தம் அவனுக்குத் தெரியும். நிறுத்திய மிஷினுக்கு அடியில் பிள்ளைகள் ஊர்ந்து போய்ப் பஞ்சுத்தூசி பெருக்குவார்கள். மறுபடி ஓட்டுவதற்கு முன் பிட்டர் இரும்பில் மூன்று முறை தட்டவேண்டும். வெளியே வந்த ஒவ்வொரு பிள்ளையும் பதிலுக்கு ஒரு தட்டு தட்டும். மூன்று மாதம் முன்பு உள்ளே போனவர்கள் எட்டுப் பேர். வந்த பதில் ஏழு. மேனேஜர் சுந்தரராஜுலு நேரமாகிறதென்று கத்தினார். செங்கோடன் மிஷினை ஓட்டும் கம்பியை இழுத்தான். ஒன்பது வயதுச் சின்னாத்தாளின் பின்னல்தான் முதலில் சிக்கியது.

அதே மிஷினைப் பிரித்து, அதன் குழாய்களைத்தான் வாத்தியமாக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர். அந்தப் பின்னல் சிக்கிய உருளைதான் நெட்டைக் குழாய். புதுச் சட்டப்படி பன்னிரண்டு வயது ஆகாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. அதனால் இந்தப் பிள்ளைகள் விளையாடத்தான் வருகிறார்கள் என்று இன்ஸ்பெக்டருக்குக் காட்டவேண்டுமாம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க மனம் வராத மில், பிள்ளைகளுக்குச் சங்கீதம் கொடுக்கிறது! செங்கோடனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் மேல் வந்ததைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் அதிகம். வேலை போய்விடும் என்று பயந்து, சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொல்ல ஒத்துக்கொண்டிருந்தான்.

பிணத்தைத் தூக்கிய அன்று, கழிவுப்பஞ்சு பொறுக்கும் பொன்னாத்தாள், சின்னாத்தாளைப் பெற்றவள், அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனுங்க மேஸ்திரி, எம்புள்ள பதிலுக்குத் தட்டுனாளுங்களா?"

"தட்டுனா, பொன்னாத்தா," என்று சொல்லியிருந்தான்.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் சென்னகேசவன் வந்தார். மீதி ஏழு பிள்ளைகளையும் புதுத்துணி உடுத்தவைத்து, சட்டத்துக்கு அடியில் உட்காரவைத்திருந்தார் மேனேஜர். சிரிக்கச் சொல்லியிருந்ததால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொன்னாத்தாள் கூடையோடு கேட் அருகே நின்றாள். செத்த பெண் மிஷினுக்குள் எதற்குப் போனாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"விளையாடப் போச்சுங்க," என்றான் செங்கோடன்.

டங். டங். டங்.

யார் கையிலும் குச்சி இல்லை. ஆனால் ஏழு பிள்ளைகளும் சட்டென்று தலையைக் குனிந்து, தவழ்ந்து வெளியே பாய்ந்து, சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஆளுக்கு ஒரு தட்டு. விரல்முட்டியால், சுவரில். விளையாட வரும் பிள்ளைகள் இப்படிச் செய்வதில்லை. இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

செங்கோடன் எண்ணினான். ஏழு. காத்திருந்தான். மேனேஜர் ஏதோ கத்தினார். ஏழு. ஏழுதான்.

"இன்னும் ஒருத்தி உள்ளே இருக்கறாளுங்க," என்றான். "அன்னிக்கும் ஏழுதானுங்க கேட்டுச்சு. தெரிஞ்சேதான் கம்பிய இழுத்துப்போட்டேன்."

பொன்னாத்தாளின் கூடை கீழே விழுந்தது.

நெட்டைக் குழாய் சுழலத் தொடங்கியது. மெல்ல. சுழற்றும் பட்டை இல்லை. மோட்டார் இல்லை. மணலுக்குள்ளிருந்து ஒரு பின்னல். பஞ்சுத்தூசி படிந்து வெளுத்த பின்னல். சிவப்பு ரிப்பன் கட்டிய நுனி முதலில். குழாயைச் சுற்றிச் சுற்றி ஏறியது. இறுகியது. அடியில் மணல் மேடிட்டது.

செங்கோடனின் வலது கை, நிறுத்துகிற கம்பியைத் தேடிக் காற்றில் துழாவியது. கம்பி இல்லை.

மணல் விலகி ஒரு சின்ன நெற்றி மேலே வந்தது. பின்னல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.