காணாமல் போன நாலு யூனிட்!

"ஆஆஆ...!"

பங்களாவின் பின்பக்கத்திலிருந்து கிளம்பிய அந்த அலறல், ரப்பர் மரங்களைத் தாண்டி எஸ்டேட் ஆபீஸ் வரைக்கும் வந்து சேர்ந்தது!

ஆபீஸில் விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்த அர்ச்சுனன், டெஸ்டரைப் போட்டுவிட்டு ஓடினான்.

அவன் சிவகாமி எஸ்டேட்டின் சார்ஜ்மேன். போர்ட் டிக்சன் வட்டாரத்தில், சுவா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த எஸ்டேட்டில், பதினைந்து வருஷமாக ஒரு பல்பு எரிவதும் அணைவதும் அவன் கையில்தான்.

போன மாதம் வரைக்கும்!

பங்களாவின் பின்புறம் அலுமினிய ஏணி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் கல்வாழைப் பாத்திக்குள், ஒரு கை முறுக்கிய நிலையில்... ஹசீனா பேகம்!

சிரம்பானிலிருந்து வந்த எஞ்சினியர். வயது இருபத்தெட்டு. கூரையில் அவள் வைத்த சோலார் வெந்நீர்த் தொட்டி, ஒன்றும் நடக்காதது போல வெயிலில் பளபளத்தது.

"மிஸ்! மிஸ்!"

"ஏ... ஏணியைத் தொடாதீங்க!" பல்லைக் கடித்தபடி முனகினாள். "ஷாக்..."

அர்ச்சுனன் குனிந்து பார்த்தான்.

ஏணியின் காலில், இலைகளுக்கு அடியில், ஒரு சிவப்பு வயர் சுற்றியிருந்தது. நுனியில் ரப்பரைச் சீவியிருந்தார்கள்; செம்பு பல்லிளித்தது. மறுநுனி பின்வராந்தா பிளக்குக்குள்!

அர்ச்சுனன் இலைகளை முழுதாக விலக்கினான்.

அந்த வயர்... அவனுடைய ஸ்டோரில் இருந்த வயர்!

சமையல்கார மங்கம்மா ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மேனேஜரின் மனைவி நாச்சம்மை ஆச்சி.

"அடப்பாவமே! யார் செஞ்ச வேலை இது?"

ஆச்சியின் கண் வயரைப் பார்த்தது. அப்புறம் அர்ச்சுனனைப் பார்த்தது.

கூடியிருந்த அத்தனை கண்களும் அவனைத்தான் பார்த்தன!

* * *

"வயர் உன்னோடதுதானே?"

இன்ஸ்பெக்டர் மணியம் ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என் ஸ்டோருது சார். சாவி வெளியில ஆணியில தொங்கும். யார் வேணாலும் எடுக்கலாம்லா."

"முந்தாநாள் காப்பிக் கடையில என்ன சொன்னே?"

அர்ச்சுனன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"நான் சொல்றேன். 'அந்தப் பொம்பளை ஏணியிலேருந்து விழுந்து தொலைஞ்சா நிம்மதி!' ஏழு பேர் கேட்டிருக்காங்க. அதுல ரெண்டு பேர் உன் சொந்தக்காரங்க!"

"சொன்னேன் சார். வயித்தெரிச்சல்ல சொன்னேன். செய்யல."

"என்ன வயித்தெரிச்சல்?"

"முதலாளி ஆதப்பச் செட்டியார் பங்களாவையும் ஆபீஸையும் புதுசாக்கப் போறேன்னாரு. அப்புறம் தொழிலாளிங்க இருக்கற அறுபத்திரண்டு லயத்து வீடு. நான் ரெண்டு மாசம் உக்காந்து பிளான் போட்டேன் சார். பெரிய ஏர்கண்டிஷன் நாலு, வெந்நீருக்கு ஹீட்டர் மூணு, அதுக்கெல்லாம் சேர்த்துப் பெரிய லைன். நோட்டுல முதல் பக்கத்தைப் புரட்டினாரு. ரெண்டாவது பக்கத்தை அவர் பாக்கவே இல்ல!"

"ஏன்?"

"இந்த மிஸ் வந்துட்டாங்க. 'ஏர்கண்டிஷன் நாலு எதுக்கு? முதல்ல வீட்டுக்குள்ள சூடு வராம தடுப்போம்'னாங்க. கூரைக்குக் கீழ பஞ்சுப் பாய் விரிச்சாங்க. காத்துல சுத்தற வென்டிலேட்டர் ஒண்ணு. மேற்கு ஜன்னலுக்குத் தட்டி. குண்டு பல்பைக் கழட்டிட்டு டியூப் லைட். வெந்நீருக்கு வெயிலு. கடைசியா ஒரே ஒரு சின்ன ஏர்கண்டிஷன்!"

"வேலை செய்யுதா?"

அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"செய்யுது சார்... நடுமத்தியானத்துலகூட ஹால் சில்லுன்னு இருக்கு."

டெலிபோன் அலறியது.

எடுத்துப் பேசிய இன்ஸ்பெக்டரின் புருவம் மேலே போனது.

"சரிம்மா... சரி." போனை வைத்தார். "ஜீப்புல ஏறு."

"ஸ்டேஷனுக்கா சார்?"

"ஆஸ்பத்திரிக்கு! அந்தம்மா உன்னைப் பாக்கணுமாம்!"

* * *

போர்ட் டிக்சன் ஆஸ்பத்திரி.

ஹசீனாவின் இடது கையில் மாவுக்கட்டு. நெற்றியில் நாலு தையல். ஆனால் வலது கையில் பென்சில்!

"வாங்க அர்ச்சுனன். இன்ஸ்பெக்டர், இவர் இதைச் செய்யல."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"கரண்ட் லீக் ஆனா தானா விழற சுவிட்ச் ஒண்ணை திங்கக்கிழமை பங்களாவுல போட்டோம். அது விழுந்ததாலதான் நான் இப்ப பேசறேன். அதை மாட்டினது யாரு தெரியுமா? திட்டிக்கிட்டே மாட்டினாரு... இவர்தான்!"

"அதனால?"

"என்னைக் கொல்ல நினைக்கிற சார்ஜ்மேன், முதல்ல அந்தச் சுவிட்சைத்தானே கழட்டி வச்சிருப்பாரு? அது இருக்கறதே தெரியாத யாரோ வயரைக் கட்டியிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் தாடையைத் தேய்த்தார்.

அர்ச்சுனனுக்கு என்னவோ போல் ஆயிற்று. காப்பாற்றுகிறாளே என்ற நன்றி ஒரு பக்கம். இதிலும் இவள் மூளைதானா ஜெயிக்க வேண்டும் என்ற எரிச்சல் இன்னொரு பக்கம்!

"இன்னொண்ணு." பென்சிலால் நோட்டைத் தட்டினாள். "பங்களா முன்னாடி ஒரு நாளைக்கு இருபத்திரண்டு யூனிட் இழுத்துச்சு. இப்ப எட்டுக்கு வரணும். பன்னிரண்டுல நிக்குது. நாலு யூனிட் எங்க போவுதுன்னு தெரியல."

"கை உடைஞ்சு கிடக்கறப்பவும் யூனிட்டா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அர்ச்சுனனுக்கு உள்ளே ஜிவ்வென்று ஏறியது. ஆஹா!

"உங்க பிளான்தான் தப்பு மிஸ்! எட்டுக்கெல்லாம் வராது. நான் அப்பவே சொன்னேன்!"

"இருக்கலாம்." அவள் கோபப்படவில்லை. "அந்த வீட்டு வயர் உங்களுக்குத் தெரியற அளவுக்கு எனக்குத் தெரியாது. நான் தோத்துட்டேன். நீங்க கண்டுபிடிங்க. என் பிளான் தப்புன்னா, முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"பிளக்குல கைரேகை எடுக்கணும். ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு அரை மணி நேரத்துல வர்றேன். நீ முன்னாடி போ. ஓடிடாதே!"

"ஓடறதா? இப்பவா? விடுங்க சார்!"

* * *

மத்தியானம் மூன்று மணி.

பங்களாவில் ஆச்சி படுத்திருந்தாள். மங்கம்மாதான் கதவைத் திறந்துவிட்டாள்.

அர்ச்சுனன் ஒவ்வொன்றாக அணைத்தான். விசிறி... ஏர்கண்டிஷன்... ஃப்ரிட்ஜ்... ரேடியோ... வாசல் விளக்கு.

வீடு மூச்சடங்கிப் போனது.

முன்வராந்தாவுக்கு வந்து மீட்டர் பெட்டியைத் திறந்தான்.

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது!

"மாட்டினியா!" தொடையில் தட்டிக்கொண்டான். "எல்லாத்தையும் அணைச்சும் சுத்துது. எஞ்சினியராம் எஞ்சினியர்! எங்கியோ வயர் லீக். இதுகூடத் தெரியல!"

சட்டென்று சக்கரம் நின்றது.

அவன் சிரிப்பும் நின்றது.

பத்து நிமிஷம்... அசைவில்லை. பிறகு, யாரும் எதையும் தொடாமலே, மறுபடி சுற்ற ஆரம்பித்தது!

லீக் என்றால் ஓயாமல் சுற்றும். இது ஓடுகிறது... நிற்கிறது... ஓடுகிறது. மோட்டார்! குளிர்ப்பெட்டி மோட்டார்!

"மங்கம்மாக்கா... ஐயா வேட்டையாடற மான் கறி வைக்க, ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கினாரே, அது எங்க?"

"அதை அப்பவே சிரம்பான்ல வித்தாச்சுன்னு ஆச்சி சொன்னாங்களே தம்பி. ஐயா ஊருக்குப் போனாரே, அதுக்கு மறுவாரம்."

மேனேஜர் முருகப்பன் காரைக்குடி போய் மூன்று மாதம். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று முதலாளிக்கு அவர் பெயரில் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஆளும் இல்லை, தகவலும் இல்லை.

"பின்னால இருக்கற ஸ்டோர்?"

"அதுவும் அப்பலேருந்து பூட்டுதான். சாவி ஆச்சி இடுப்புல."

அர்ச்சுனன் பின்கட்டுக்கு நடந்தான். ஸ்டோர் கதவில் காதை வைத்தான்.

ம்ம்ம்ம்ம்...

"என்ன அர்ச்சுனா... சத்தம் கேக்குதா?"

தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான்.

நாச்சம்மை ஆச்சி! முகத்தில் தூக்கமும் இல்லை, கலக்கமும் இல்லை.

"ஆச்சி... உள்ள ஃப்ரீசர் ஓடுதுங்களா?"

"ஓடுது. விக்கல. மறந்துட்டேன்." இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "நீயே திறந்து அணைச்சுடு. மூடி கனம். நல்லாக் குனிஞ்சு தூக்கு."

பூட்டு திறந்தது.

இருட்டு மூலையில் வெள்ளைப் பெட்டி. ஆள் நீளம். அர்ச்சுனன் இரண்டு கையாலும் மூடியைத் தூக்கினான்.

பனிப்புகை முகத்தில் அடித்தது. மேலே சாக்கு. சாக்கை விலக்கினான்.

பூப்போட்ட பாத்தேக் சட்டை...

பனி பூத்த மீசை...

திறந்த கண்கள்!

"ஐ... ஐயா!"

மேனேஜர் முருகப்பன் காரைக்குடிக்குப் போகவே இல்லை!

"தம்பீ! பின்னாடி!"

மங்கம்மாவின் கூச்சல்! அர்ச்சுனன் பக்கவாட்டில் விழுந்தான்.

ணங்ங்!

அவன் தலை இருந்த இடத்தில் இரும்பு உலக்கை இறங்கியது. ஃப்ரீசர் விளிம்பு சப்பளிந்தது! ஆச்சி மறுபடி ஓங்கினாள். மங்கம்மா பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அர்ச்சுனன் உலக்கையைப் பிடித்து இழுக்க, மூன்று பேரும் சேர்ந்து தரையில் உருண்டார்கள்.

ஜீப் வந்து நிற்கும் சத்தம்.

"அசையாதே!" இன்ஸ்பெக்டர் மணியத்தின் கையில் ரிவால்வர்!

ஆச்சி அசையவில்லை. கலைந்த கூந்தலை நிதானமாக முடிந்துகொண்டாள்.

"எதுக்கும்மா இப்படிப் பண்ணினே?"

"தினமும் போன் சார்... அவகூட! நான் கூடத்துக்கு வந்தா குரலைத் தாழ்த்துவாக. 'அவளுக்குத் தெரிய வேணாம்'னு சிரிப்பாக. யாருன்னு கேட்டா, 'ஆபீஸ் விஷயம்'பாக. ஒரு நாள் பேர் காதுல விழுந்துச்சு. ஹசீனா! அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். கறி எடுக்கக் குனிஞ்சாக... ஒரே அடி."

"கடிதம்?"

"நான்தான் எழுதினேன். அவுக கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் அந்தம்மாவே இங்க வந்து நின்னதும்..."

"என் வீட்டுக்கே வந்தா சார்! என் கூரை மேலயே ஏறினா! விடுவேனா?" ஆச்சி ஃப்ரீசரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு விபரீதமான திருப்தி. "அவுக இனிமே எங்கயும் போகமாட்டாக."

அர்ச்சுனன் பார்வையை விலக்கிக்கொண்டான். அந்தக் கண்களில் எரிந்த நெருப்பு அவனுக்குத் தெரிந்த நெருப்பு. ஒரு மாதமாக அவன் நெஞ்சில் எரிந்ததும் அதே ஜாதிதான்!

* * *

சாயங்காலம், ஆஸ்பத்திரி.

இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, ஹசீனாவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

"யா அல்லாஹ்! முருகப்பன் சாரா?"

"தப்பா நினைக்காதீங்கம்மா. கேட்டுத்தான் ஆகணும். உங்களுக்கும் அவருக்கும்..."

"நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லையே!"

"என்ன...?"

ஹசீனா பையைத் துழாவி, ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். இன்ஸ்பெக்டர் வாய்விட்டுப் படித்தார்.

'மிஸ் ஹசீனா, என் மனைவிக்கு இந்த பங்களாச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானத்தில் தலைவலியால் துடிக்கிறாள். ஏர்கண்டிஷன் சத்தமும் அவளுக்கு ஆகாது. சத்தமில்லாமல் வீடு குளிர என்ன வழி என்று நீங்கள்தான் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். முதலாளியிடமும் பேசிவிட்டேன். ஆகஸ்டில் எங்கள் பத்தாவது கல்யாண நாள். அதுவரை அவளுக்குத் தெரிய வேண்டாம்...'

அவர் காகிதத்தை மெதுவாக மடித்தார்.

"போன்ல பேசினதெல்லாம் இதுதான் சார்." ஹசீனாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "'மேற்கு ஜன்னல் பக்கம்தான் அவ படுப்பா, அங்க வெயில் படக்கூடாது'ன்னு நாலு தடவை சொன்னாரு. ஊருக்குப் போயிட்டாருன்னு முதலாளி சொன்னதும், திரும்பி வந்து பாத்து சந்தோஷப்படுவாருன்னு நினைச்சேன். ரகசியம்னாரே, அதனாலதான் நான் ஆச்சிகிட்ட மூச்சு விடல."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அர்ச்சுனன் கட்டில் ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"மிஸ்... உங்க பிளான் சரிதான். ஃப்ரீசரை நிறுத்தினதும் சக்கரம் நின்னுடுச்சு. நாலு யூனிட்டும் அதுதான். காப்பிக் கடையில நான் சொன்னது... மன்னிச்சிடுங்க."

"உங்க நோட்டை நான் படிச்சேன் அர்ச்சுனன். முதலாளிகிட்ட கேட்டு வாங்கினேன்."

"ரெண்டாவது பக்கமுமா?"

"கடைசிப் பக்கம் வரைக்கும். லயத்து வீட்டுக்கு நீங்க போட்ட வயரிங், நான் போட்டதைவிட நல்லாருக்கு. அறுபத்திரண்டு வீட்டையும் சேர்ந்து செய்வோமா?"

அர்ச்சுனன் தலையை ஆட்டினான்.

"அப்ப வீட்டு நம்பரைக் குடுங்க. சந்தேகம்னா போன் பண்றேன்."

அர்ச்சுனன் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"போனெல்லாம் வேணாம் மிஸ்! லெட்டர் போடுங்க... அதுவும் என் பொண்டாட்டி பேருக்கே போட்டுடுங்க!"