கப்பித்தான் குடிக்காத தண்ணீர்

காலையில் பாஸ்கலின் பாயோரம் வைத்த செம்பு, பொழுது சாயும் நேரத்திலும் விளிம்புவரை நிறைந்தே இருந்தது. அந்தோணியம்மாள் குனிந்து பார்த்தாள். ஒரு எறும்பு மிதந்துகொண்டிருந்தது. சங்கு குளித்துவிட்டுக் கரையேறினால் குடத்தோடு தூக்கிக் குடிக்கிற புருஷன், இன்று ஒரு மடக்குக்கூட இறக்கவில்லை. தொண்டை வலியாம். தொண்டை வலிக்காரன் எச்சிலைக்கூட விழுங்காமல் துண்டில் துப்பித் துப்பி வைப்பானா?

எதையும் உடனே நம்புகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. கள்ளச்சாராயமாக இருக்குமோ என்று, அவன் கண்ணயர்ந்தபோது வாயருகே முகர்ந்து பார்த்தாள். காய்ந்த புளிப்பு வாடைதான் அடித்தது. அடுத்த சந்தேகம் தோணிக்காரர் ரோச் மேல் போனது. மத்தியானம் அவரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தாள். நேற்று பாஸ்கல் கயிற்றைப் பிடித்து இறங்கினானாம். இடுப்பில் தண்ணீர் பட்டதும் அலறிக்கொண்டு தோணியில் ஏறிவிட்டானாம். கரை சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லையாம். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள் என்றார் ரோச். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. கடலுக்கடியில் பிணம் எதையாவது பார்த்துவிட்டு இருவரும் மறைக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள்.

வீட்டுக்குள் மண்ணெண்ணெய் வாடையும் ஈரக் கயிற்றின் வாடையும் கலந்து நின்றன. புதுத் துறைமுகப் பக்கமிருந்து இரும்போடு இரும்பு மோதும் சத்தம் விட்டுவிட்டு வந்தது. ஜன்னல் வழியாக மாசி மாதத்துக் கடற்காற்று, வேட்டி நுனியைக்கூட அசைக்காத அளவுக்கு, லேசாக உள்ளே வந்தது. பாஸ்கல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் உருண்டான்.

"ஏளா, ஜன்னல அடை. காத்து குத்துது."

அடைத்தாள். காற்று குத்துமா? யாராவது செய்வினை வைத்துவிட்டார்களோ என்று எலுமிச்சம்பழம் எதுவும் கிடக்கிறதா எனப் பார்க்கப் பின்வாசலுக்குப் போனாள். எலுமிச்சம்பழம் கிடைக்கவில்லை. நாய்ச்சட்டிதான் கிடந்தது, அடியில் வெள்ளையாக உப்புப் படிந்து.

கப்பித்தானின் சட்டி. ஏதோ ஒரு கப்பலிலிருந்து இறங்கித் துறைமுகத்தில் திரிந்த நாய்க்குட்டியை பாஸ்கல்தான் தூக்கிவந்து, கப்பல் கேப்டன் என்று அந்தப் பெயரை வைத்தான். பிள்ளையில்லாத வீட்டில் அது பிள்ளையாகவே வளர்ந்தது. சங்கும் கடலடிப் பாரின் பாறையும் கிழித்த கைகளை பாஸ்கல் சாயங்காலமானால் அதன் முன்னால் நீட்டுவான். அது ஒவ்வொரு விரலாக நக்கும். இவன் நாக்குதான் நமக்கு மருந்து என்பான். சங்கு குளிக்கிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பினார்கள்.

அடுத்த வீட்டு கிரேசி டீச்சர் மட்டும் ஓயமாட்டாள். மாட்டாஸ்பத்திரியில் நாய்க்கு வெறி பிடிக்காமலிருக்க ஊசி போடுகிறார்கள், கூட்டிப்போ, புண்ணை நக்கவிடாதே, சோப்புப் போட்டுக் கழுவு என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். கப்பலேறி வந்த நாய்க்கு ஊசியா என்று பாஸ்கல் சிரிப்பான். டீச்சருக்குப் பொறாமை என்று அந்தோணியம்மாள் முடிவு கட்டியிருந்தாள்.

கிறிஸ்மஸ் கழிந்த வாரம், கப்பித்தான் இதே சட்டியின் முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. குடிக்கவில்லை. கிணறு உவர்த்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். இந்த ஊரில் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். தெருக்குழாயின் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். ஊற்றும் சத்தத்துக்கே அது காலைப் பின்வாங்கியது. வாயோரம் எச்சில் தொங்கியது. மறுநாள் ஓடிப்போனது. உப்பளத்து ஓரம் செத்துக் கிடந்தது. காவல்காரன் விஷம் வைத்துவிட்டான் என்று பாஸ்கல் போய்ச் சண்டை போட்டான்.

சட்டியைப் பார்த்தபடியே நின்றாள். எச்சில். கழுத்து. தண்ணீர்.

தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. யாரோ குடத்தை வைத்தார்கள். சளசளவென்று விழுந்தது.

உள்ளே பாஸ்கல் கத்தினான். ஓடிவந்தாள். அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. வாய் திறந்து திறந்து மூடியது.

"அந்தச் சத்தத்த நிப்பாட்டு... நிப்பாட்டுளா."

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று டீச்சரைக் கூப்பிட்டாள். தண்ணீர் குடிக்கமாட்டேன் என்கிறார், காற்றுக்குக்கூட நடுங்குகிறார் என்று சொல்லி முடிப்பதற்குள் டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. டாக்ஸிக்கு ஆள் அனுப்பத் திரும்பியவள் நின்றாள். மெதுவாகக் கேட்டாள்.

"அந்தோணியம்மா, ஒன்னயும் அது நக்குச்சா?"

அந்தோணியம்மாள் தன் கையைப் பார்த்தாள். டீச்சர் போய்விட்டாள்.

வலது கை ஆள்காட்டி விரல். சீலா மீன் நறுக்கும்போது அரிவாள்மணை கிழித்தது. கப்பித்தான் கிறிஸ்மஸ் கழிந்த அந்த வாரம்தான், கடைசியாக, நக்கியது. அவள்தான் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள். தழும்பு இப்போது அரித்தது. காலையிலிருந்து அரித்ததா, இப்போதுதானா?

காலையிலிருந்து நான் தண்ணீர் குடித்தேனா?

யோசித்தாள். கருப்பட்டிக் காப்பி போட்டாள். குடித்தாளா? ரோச் வீட்டில் மோர் கொடுத்தார்கள். வேண்டாம் என்றாள். ஏன் வேண்டாம் என்றாள்?

பயம். நெஞ்சு முழுக்கப் பயம். குடித்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். டம்ளரை எடுத்தாள். பானையில் மொண்டாள். நல்ல தண்ணீர். தாகமாகத்தான் இருந்தது. இருக்கத்தானே வேண்டும்?

டம்ளர் பல்லில் தட்டியது. உதட்டில் குளிர்ந்தது.

தொண்டை மூடிக்கொண்டது.

பயத்தினால்தான். பயத்தில் எல்லாருக்கும் அடைக்கும். மறுபடியும். ஒரே ஒரு வாய்.

வெளியே குடம் நிறைந்ததும், அடுத்த குடத்தை வைத்தார்கள்.

இருட்டிவிட்ட மூலையிலிருந்து பாஸ்கல், எச்சில் தொங்க, அவள் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அது விளிம்புவரை நிறைந்தே இருந்தது.