மந்திரிக்காத மெழுகுதிரி

தீக்குச்சி எரிந்தது. திரிதான் பற்றவில்லை. இது ஏழாவது குச்சி.

மதியம் மூன்று மணிக்கே சாரம் பகுதி முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. பக்கத்து வீட்டு நாயின் குரைப்பும் எதிர்வீட்டு மிக்சியின் இரைச்சலும் யாரோ வாயைப் பொத்தியதுபோல் ஒரே நொடியில் நின்றுபோக, ஈரச் சாக்கு நாற்றம் மட்டும் ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் ஊறி வந்துகொண்டிருந்தது. செல்போனும் செத்துக் கிடந்தது.

"புயலா இருக்கும்," என்றாள் லினெட்.

"மூணு நாள் இருட்டுடி. ஆரம்பிச்சுடுச்சு."

ரிச்சர்டின் குரலில் பயத்தைவிட சந்தோஷம்தான் அதிகம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த நாட்டில் குண்டு விழுந்தாலும் செத்த குழந்தைகளின் படத்தை ஜெபக்குழு வாட்ஸப்பில் போட்டு, 'நாள் நெருங்கிவிட்டது' என்று குதிக்கிறவன் அவள் புருஷன். பங்குச் சாமியார் திட்டியும் அடங்கவில்லை. உலகம் முடியும்முன் வரும் அந்த மூன்று நாள் இருட்டில் மந்திரித்த மெழுகுதிரி மட்டும்தான் எரியுமாம். தெரிந்தவர் குரலில் பேய் வந்து கூப்பிடுமாம். திறக்கவே கூடாதாம். வானம் கறுத்ததுமே கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். தோழி அரீபா வீட்டுக்கு விளையாடப் போன பத்து வயது மகள் மெரின் இன்னும் திரும்பவில்லை என்று தெரிந்தேதான் பூட்டினான்.

எட்டாவது குச்சியைக் கிழித்தான். பற்றவில்லை.

லினெட்டுக்குக் காரணம் தெரியும். பிப்ரவரியில் கோயிலில் சாமியாரிடம் மந்திரித்துக் கொண்டுவந்த மெழுகுதிரிகளைப் போன மாதம் கரண்ட் போனபோது அவளே எரித்துத் தீர்த்திருந்தாள். பெட்டியில் இருப்பவை கடையில் வாங்கியவை. அவனுக்குத் தெரியாது.

கதவு தட்டும் சத்தம். மெரினின் அறுந்த செருப்பு படியில் அடிக்கும் ஓசை கேட்கவில்லை. தட்டல் மட்டும்.

"அம்மா, தொறம்மா."

ரிச்சர்ட் அவள் கையைப் பிடித்தான். "அது மெரின் இல்ல."

"நீயெல்லாம் ஒரு அப்பனா? உன் புள்ளடா அது!"

"கத்தாத. கேட்டுடும்."

வெளியே நிற்பது பேயாகவே இருக்கலாம். மெரினாகவும் இருக்கலாம். அது போதும் அவளுக்கு. ஓங்கி அறைந்தாள். சாவியைப் பிடுங்கினாள். திறந்தாள்.

இருட்டு.

ஒரு சின்னக் கை அவள் கைக்குள் நுழைந்தது. உள்ளே இழுத்தாள். பூட்டினாள்.

"பாத்தியாடா, பாவி?"

ரிச்சர்ட் மாதா சுரூபத்தின் பின்னால் துழாவினான். "போன வருஷத் துண்டு ஒண்ணு மிச்சம் இருக்கு."

மந்திரித்தது. ஒரே குச்சி. பற்றியது.

அவன் லினெட்டின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையருகே பார்த்தான். குச்சி எரிந்து விரலைச் சுட்டது. உதறவில்லை.

தெருவில் ஓட்டம். அறுந்த செருப்பு. டப். டப்.

"அம்மா! பின்னாடி யாரோ வர்றாங்கம்மா! கதவத் தொற!"

லினெட் குனிந்து பார்க்கவில்லை. குளிர்ந்த விரல்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாக இறுக்கின.

சாவி, அவை இறுக்கிய அவள் கைக்குள்தான் இருந்தது.