வேர் பிடிக்காத புல்

போன் அலறியது.

எழுமலையில், அம்மா வீட்டில், சோற்றில் கை வைத்திருந்தேன். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம்.

"தாமரை... கெளம்பி வா தாயி. தம்பி போயிட்டான்."

என் கணவரின் அண்ணன் பாண்டியராஜன்.

பழங்காநத்தம் வீட்டில் என் ஜெயபாண்டி கட்டிலில் கிடந்தார். காயம் இல்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குகிற அதே முகம். தொட்டேன்...

சில்லென்றிருந்தது.

பக்கத்தில் அவருடைய கண்ணாடித் தொட்டி. அடியில் கம்பளம் மாதிரிப் புல் வளர்க்க ஆசைப்பட்டார். வளைகாப்பு முடிந்து நான் கிளம்பிய அன்றுதான் நட்டார்.

"நீ பிள்ளையோட வாரப்ப புல்லு மேல மீன் மேயும், பாரு."

இப்போது தொட்டி நிறையத் தண்ணீர்.

இன்ஸ்பெக்டர் சரண்யாதேவி மூலையிலிருந்த சிலிண்டரைக் காட்டினார்.

"கார்பன் டை ஆக்சைடு. தண்ணிக்குள்ள புல் வளர இதைக் குமிழ் குமிழா விடுவாங்களாம். ட்யூப் கழண்டிருக்கு. ரூம் பூரா அடைச்சு ஏ.சி. ஓடியிருக்கு. தூக்கத்துலயே..."

"எம்புட்டோ சொன்னேன் மேடம்." பாண்டியராஜன் தலையில் அடித்துக்கொண்டார். "கேக்கலையே பாவி."

நான் தொட்டியையே பார்த்தேன். புல் பூராவும் வேரோடு மிதந்தது.

"தண்ணிய யாரு ஊத்துனது மச்சான்?"

"அவன்தான், நேத்து சாயங்காலம். நான்தான் பக்கெட் பக்கெட்டா தூக்கிக் கொடுத்தேன்."

"பொய்."

சரண்யாதேவி திரும்பினார்.

"மேடம், புல்லு மண்ணைப் புடிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்தக் கூடாது, மிதந்துரும். வெறும் ஈர மண்ணுல நட்டு, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வச்சிருந்தாக. இன்னைக்குக் காலைலகூட வீடியோ கால்ல காட்டுனாக. 'இன்னும் ரெண்டு வாரம் தாமரை'ன்னுட்டுத்தான் படுத்தாக. தண்ணியே இல்லாத தொட்டிக்கு எதுக்கு கேஸைத் திறக்கணும்?"

போனை நீட்டினேன். அவர் முகம் தெரிகிறதே என்று தினமும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பேன். இன்று காலையில் எடுத்தது. சிரிக்கிறார். பின்னால் தொட்டி. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சரண்யாதேவி பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நேத்து யாருக்குங்க பக்கெட் தூக்கிக் கொடுத்தீங்க?"

பாண்டியராஜன் மிதந்த புல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உசிலம்பட்டி ரோட்டு நிலத்தை விக்க விடமாட்டேன்னுட்டான் மேடம். பிறக்கப்போற பிள்ளைக்கு வேணுமாம்... அவன் தூங்குனதும் கேஸைத் திறந்துவிட்டு வெளிய தாழ்ப்பாள் போட்டேன். அப்புறம் வந்து பார்த்தா தொட்டியில தண்ணியே இல்ல. சந்தேகம் வருமேன்னு நானே தண்ணிய ஊத்திட்டேன்."

கான்ஸ்டபிள் அவர் கையைப் பிடித்தார்.

வாசல்வரை போனவர் நின்றார்.

"தாயி... தம்பிக்குக் கொள்ளி வைக்க என்னைய விட்டா யாரு இருக்கா? அதை மட்டும் செஞ்சுட்டுப் போறேன்னு மேடத்துகிட்ட சொல்லு தாயி."

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. அதை ஜெயபாண்டியிடம் சொல்லத் திரும்பினேன்.

கட்டிலில் அதே தூக்கம்.

"கொள்ளிய நான் வச்சுக்கிறேன் மச்சான். உங்க தம்பிக்கு நீங்க செய்ய வேண்டியதெல்லாம்தான் காலைலயே செஞ்சு முடிச்சிட்டீங்களே."